வெள்ளிக்கிழமை இரவின் மாவு

மாதச் சம்பள வேலையை விடாமல் வீட்டு அடுப்பில் ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்பவர்களின் திறமையை மெச்சுவோர் பெரும்பாலும் கேக்கின் மேல் நிற்கும் சர்க்கரைப் பூக்களிலேயே கண்ணை நிறுத்திவிடுகின்றனர். அந்தக் கலையின் நுட்பமோ, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், துணி போர்த்திய கூடைக்குள், யார் பார்வையிலும் படாமல் இரவு முழுவதும் கிடக்கும் மாவு உருண்டையில் இருக்கிறது. பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவரால் மாவின் அருகில் இருக்க முடியாது என்பதை ஒரு குறையாகவே சொல்வது வழக்கம். ஆனால், நல்ல கைகளில் அந்தக் குறையே ரொட்டியின் சுவையாகிவிடுகிறது.

கடை ஈஸ்ட் சேர்க்காமல், மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவைத்து நாள்தோறும் வளர்க்கும் தாய்மாவை மட்டும் நம்பி உப்பவைக்கும் சவர்டோ ரொட்டி, நேரத்தைத் தாராளமாகக் கேட்கும் பண்டம். சென்னையின் 32 பாகை வெக்கையில், ஒரு பங்கு தாய்மாவுக்கு ஒரு பங்கு மாவும் ஒரு பங்கு தண்ணீரும் ஊட்டினால், அது மூன்று நான்கு மணி நேரத்தில் பொங்கி உச்சிக்கு ஏறி, மதிய உணவு வேளைக்குள் சரிந்து, மாலையில் வீடு திரும்புபவரைப் புளித்த நெடியோடு எதிர்கொள்ளும். ஆகவே வேலைக்குச் செல்பவர், காலையில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு மாவும் அதே அளவு குளிர்ந்த நீரும் ஊட்டி, அது பொங்கி முடிவதை மாலைவரை தள்ளிப்போடுகிறார். இரவு ஏழு மணிக்கு 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணீர், 100 கிராம் தாய்மாவு, 10 கிராம் உப்பு என்று பிசைந்து, அரை மணிக்கு ஒருமுறை ஓரங்களை இழுத்து மடித்துவிட்டு, சமையலையும் குழந்தைகளின் வீட்டுப்பாடத்தையும் இடையில் முடித்து, பதினோரு மணிக்கு உருட்டிக் கூடையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறார். மாலையில் அரைத்த இட்லி மாவு பொங்கி வழியுமுன் அதை ஃபிரிட்ஜுக்குள் தள்ளிப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு புதிதன்று. அதே தட்டில் இடத்துக்காக அந்த இட்லி மாவுப் பாத்திரம் இந்தக் கூடையோடு மல்லுக்கட்டும் என்பதும் வீட்டில் சுடுபவர்கள் அறிந்ததே.

நான்கு பாகைக் குளிரில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிட, புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் மெல்ல மெல்லத் தம் வேலையைத் தொடர்கின்றன. அந்தச் சர்க்கரைதான் மறுநாள் அடுப்பில் மேலோட்டுக்குச் செம்பழுப்பு நிறத்தைத் தருகிறது. தேர்ந்த கண் முதலில் தேடுவது நிறத்தைக்கூட அன்று. மேலோடெங்கும் மிளகளவில் எழும் சின்னஞ்சிறு கொப்புளங்களைத்தான். குளிரில் இரவைக் கழித்த மாவில் அவை செழித்து எழுவதுபோல் அவசர மாவில் எழுவதில்லை. குளிர்ந்து விறைத்த மாவை பிளேடால் சாய்வாகக் கீறினால் விளிம்பு குழையாமல் நிற்கிறது. அடுப்பின் சூட்டில் அந்த விளிம்பு விரிந்து எழும்புவதை ரொட்டியின் காது என்பர். வெள்ளிக்கிழமை இரவில் அலுவலக வேலை நீண்டு மறுநாள் அடுப்பு மூட்ட முடியாமல் போனாலும், இந்த மாவு ஞாயிறுவரை கெடாமல் காத்திருக்கும். முதலாளிகூடக் காட்டாத பொறுமையை மாவு காட்டுகிறது.

காத்திருப்பதன் அருமையை வீடுகளுக்கு எடுத்துச் சொன்ன பெருமையை ஜிம் லேஹிக்கே அளிப்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்திய அவர், மாவைப் பிசையாமல் 12 முதல் 18 மணி நேரம் விட்டுவைத்து, காய்ச்சிய மூடிபோட்ட இரும்புப் பாத்திரத்தில் சுடும் முறையை முன்வைத்தார். 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டதும், வேலைக்குச் செல்பவர்கள் பலர் முதன்முறையாக வீட்டில் நல்ல ரொட்டி சுட்டனர். மூடிய பாத்திரம் மாவின் ஈரத்தையே நீராவியாக்கித் தருவதால், அது சிற்றடுப்புகளுக்குக் கிடைத்த பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. எனினும், அந்தப் பதினெட்டு மணி நேரம் அமெரிக்கக் குளிர்கால அறைக்கு உரியது. சித்திரை மாதத்துச் சென்னையில் அவ்வளவு நேரம் வெளியில் விட்ட மாவு கூழாகிவிடும். இங்கே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றில்லை.

வேலையை உதறிவிட்டு அடுப்பே கதியென்று இறங்கியவர்களைப் போற்றும் கதைகள் ஏராளம். அந்தத் துணிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரொட்டியின் பக்கம் நின்று பார்த்தால், மாதச் சம்பளமும் ஒரு சேர்பொருள்தான். ஓடிஜி என்னும் முப்பத்தைந்து லிட்டர் மின்னடுப்பில் ஒரு பாத்திரம், ஒரு முறைக்கு ஒரு ரொட்டி, முக்கால் மணி நேரம் என்ற கணக்கில் சனிக்கிழமைக் காலைக்குள் ஐந்துக்கு மேல் தேறாது. வாடகையும் அரிசியும் சம்பளத்தில் நடப்பதால்தான் ஆறாவது ஆர்டரை மறுக்க முடிகிறது. கேக்கில் மலிவான கொழுப்பைக் கலக்காமல் வெண்ணெயை வெண்ணெயாகவே வைத்திருக்கவும் முடிகிறது. அரசு ஊழியர்களுக்கு மட்டும் இந்த வழி குறுகலானது. மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதைத் தடுப்பதோடு, குடும்பத்தினர் செய்யும் வணிகத்தையும் தெரிவிக்கச் சொல்கின்றன. மனைவியின் பெயரில் விற்கப்படும் கேக்கும் அந்த விதிக்குத் தப்புவதில்லை.

வருத்தம் தருவது வேறொன்று. ஓய்வு நேரத்தில் சுடுபவர்கள், சம்பளத்தால் தமக்கு வாய்த்த சுதந்திரத்தைக் கைவிட்டுக் கடைகளையே நகலெடுக்கின்றனர். பொட்டலத்தில் வரும் கேக் கலவை, வெயிலுக்கு உருகாது என்பதற்காகத் தாவரக் கொழுப்பில் செய்த பாலில்லாக் கிரீம், பொம்மை செய்யத் தோதான, தின்னத் தோதற்ற ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் போர்வை ஆகியவை இன்றைய பிறந்தநாள் கேக்கை ஆள்கின்றன. பெரம்பூர் போன்ற ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பணிக்குச் சென்றுகொண்டே, ரம்மில் ஊறும் திராட்சையை வாரக்கணக்கில் கிளறிவிட்டு டிசம்பருக்காகக் காத்திருந்த பழக்கத்தை நினைத்தால், அவசரம் புகுந்த பிறகு கேக்குக்கு நேர்ந்த இழப்பு விளங்கும்.

ரொட்டி வாங்க வருபவர்களிடமும் அந்த அவசரம் தொற்றியிருக்கிறது. சனிக்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நின்று, சூடாகவே வேண்டும், துண்டும் போட்டுத் தர வேண்டும் என்கின்றனர். அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியின் உள்ளே ஈரம் இன்னும் படியவில்லை. அப்போதே வெட்டினால் கத்தியில் பசைபோல் ஒட்டும், ஆகவே ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆற வேண்டும். ஆறும்போது மேலோடு சுருங்கிப் படபடவென்று மெல்ல வெடிக்கும் ஓசை, காற்றாடியை அணைத்துவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனால் தெளிவாகக் கேட்கும்.