எடை குறைந்த லென்ஸில் எது கழிந்தது?

மிரர்லெஸ் கேமராக்களுக்கு 200 கிராமுக்கும் குறைவான பிரைம் லென்ஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. இவற்றை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் படத்தின் ஓரக் கூர்மையை அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்த அளவீடு தேவைதான். ஆனால் அது பாதிக் கணக்கு. எடையைக் குறைக்க எதைக் கழித்தார்கள், அதை வேறு வழியில் ஈடுகட்ட முடியுமா என்பது மீதிக் கணக்கு.

2021இல் வந்த இரண்டு 40 மி.மீ. லென்ஸ்களைப் பார்ப்போம். நிக்கான் இசட் எஃப்/2 170 கிராம், சோனி எஃப்/2.5 ஜி 173 கிராம். தராசில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நிக்கான் ஆறு வில்லைகளோடு நிறுத்தி, பிளாஸ்டிக் மவுண்ட் வைத்து, ஏறத்தாழ 300 டாலருக்கு விற்றது. சோனி ஒன்பது வில்லைகள், உலோக உடல், அபெர்ச்சர் வளையம் எல்லாம் தந்தது. விலையை இருமடங்காக்கி, வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு ஸ்டாப்பை விட்டுக்கொடுத்தது. கூர்மைப் பட்டியல் சோனியை மேலே வைக்கும். மங்கிய அறையில் முகங்களை எடுப்பவருக்கோ அந்த வரிசை உதவாது.

கழித்ததெல்லாம் தவிர்க்க முடியாதது என்றும் நம்ப வேண்டியதில்லை. ஃபுஜிஃபில்மின் 27 மி.மீ. எஃப்/2.8 2013இல் அபெர்ச்சர் வளையம் இல்லாமல் 78 கிராமில் வந்தது. 2021இல் வளையத்தோடு தூசி, ஈரத் தடுப்பும் சேர்ந்தபோது எடை 84 கிராம்தான்.

அதிகம் திட்டு வாங்குவது மென்பொருள் திருத்தம். 165 கிராம் எடையுள்ள கேனான் ஆர்.எஃப். 16 மி.மீ. எஃப்/2.8 திருத்தப்படாத ரா (RAW) கோப்பில் நேர்கோடுகளை வளைக்கிறது, மூலைகளை இருட்டாக்குகிறது. மின்னணு வியூஃபைண்டர் திருத்திய காட்சியையே காட்டுவதால் எடுப்பவர் இதை உணர்வதில்லை. இதை ஏமாற்று என்பது மிகை. கைக்கு வரும் படம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இது இலவசமும் அல்ல. மூலைகளை இழுத்து நிமிர்த்தும்போது அங்கே கூர்மை குறைகிறது. வெளிச்சம் ஏற்றும்போது இரைச்சல் கூடுகிறது. தெருக்காட்சியில் இது தெரியாது. நட்சத்திரங்களை எடுத்தால் தெரியும்.

ஃபோகஸ் மோட்டாரின் கதை வேறு. 2009இல் வந்த பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 வெறும் 100 கிராம். படத்தின் தரத்துக்காக இன்றும் விரும்பப்படுகிறது. ஆனால் ஃபோகஸுக்கு அதன் வில்லைத் தொகுதி முழுவதும் நகர வேண்டும். அதனால் வேகம் குறைவு, சத்தமும் உண்டு. ஓடும் குழந்தையை அது தவறவிட்டால் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கோணல், மூலை இருட்டு, இல்லாத வளையம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மாற்று உண்டு. போதாத வெளிச்சத்துக்கும் மந்தமான ஃபோகஸுக்கும் படம் எடுத்த பிறகு மாற்று இல்லை. சிறிய லென்ஸை வாங்குபவர் ஓர மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.