கைப்பாணிகளும் கைப்பழக்கங்களும்: ஃபைட்டிங் கேம் மரபில் ஒரு பார்வை

1991இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் II ஃபைட்டிங் கேம் என்னும் விளையாட்டு வகைக்கு இலக்கணமாக நிலைத்தது. எட்டுத் திசைக்கும் ஒரு லீவர், குத்துக்கு மூன்று பட்டன், உதைக்கு மூன்று பட்டன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த அடிப்படை மாறவில்லை. அதைக் கையாளும் கருவிகள் பெருகின. கருவிக்கொரு பாணி பிறந்தது. பாணிக்கொரு கெட்ட பழக்கமும் கூடவே வந்தது. புதிதாக ஆட வருபவர் முதலில் கேட்பது, “எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்?” என்பதுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் ஒவ்வொரு பாணியின் சிறப்பையும் அதில் வழக்கமாகத் தொற்றும் கோளாறையும் பார்த்துவிடுவது நல்லது.

ஜப்பானிய ஸ்டிக்

ஆர்கேட் கூடங்களில் வளர்ந்தது இந்தப் பாணி. சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவரும் 30 மில்லிமீட்டர் பட்டன்களும் இதன் அடையாளம். சற்று விறைப்பாக வேண்டுவோர் செய்மிட்சு எல்எஸ்-32 லீவரை நாடுவர். உருண்டைத் தலை, உள்ளே ஸ்பிரிங், நாலு பக்கமும் நாலு மைக்ரோசுவிட்ச், அடியில் சதுரச் சட்டம். மூலைத் திசைகள் சட்டத்தின் மூலையில் போய் நிற்பதால் கை தடுமாறாது. பிடிப்பதிலும் இரு வழிகள் உண்டு: தண்டை விரலிடுக்கில் வாங்கி, உருண்டையைக் கீழிருந்து ஏந்துவது ஒன்று, மேலிருந்து உள்ளங்கையால் மூடிப் பிடிப்பது மற்றொன்று. இரண்டிலும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

சட்டத்தின் சுவரில் லீவரை ஓங்கி இடிப்பதுதான் இங்கே தொற்றும் கோளாறு. சுவிட்ச் விழுவதற்குத் தேவையான தூரம் மிகக் குறைவு. அதைத் தாண்டிய அசைவெல்லாம் வீண், திரும்பி வரவும் நேரமாகும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பந்தெறியும் அடியான ஹடோக்கனுக்குக் கீழ், கீழ்முன், முன் என்று உருட்ட வேண்டும். மேலெழும்பிக் குத்தும் ஷோர்யுக்கனுக்கு முன், கீழ், கீழ்முன். முன்னே நடந்துகொண்டிருப்பவர் லீவரை நடுநிலைக்கு விடாமல் அப்படியே ஹடோக்கனுக்கு உருட்டினால், நடந்த ‘முன்’னையும் சேர்த்துக்கொண்டு விளையாட்டு அதை ஷோர்யுக்கனாகப் படித்துவிடும். பந்து எறிய நினைத்தவர் வெற்று ஆகாயத்தைக் குத்திக்கொண்டு மேலே போவார். எதிராளி கீழே காத்திருந்து கணக்குத் தீர்ப்பார். பழி ஸ்டிக்கின் மேல் விழும். கை நடுநிலையில் ஒரு கணம் நின்றிருந்தால் இது நேர்ந்திராது.

கொரிய லீவர்

கொரியாவில் டெக்கன் விளையாட்டோடு வளர்ந்தது இது. ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர், சதுரச் சட்டத்துக்குப் பதில் வட்டத் துவாரம், உருண்டைக்குப் பதில் நீண்ட தலை. கையை விட்டதும் தண்டு வெடுக்கென்று நடுவுக்கு வந்துவிடும். பின்வாங்கலை இடைவெளியின்றித் தொடுத்துக்கொண்டே போகும் ‘கொரியன் பேக்டேஷ்’ டெக்கன் ஆடுவோர் அனைவரும் கற்க விரும்பும் வித்தை. ‘நீ’ என்ற பெயரில் ஆடும் கொரிய வீரரின் அசைவைப் பார்த்து அதைக் கற்றவர்கள் ஏராளம். ஆனால் வித்தை வாய்த்துவிட்டால் அதைச் சும்மாவும் செய்துகொண்டிருக்கத் தோன்றும். காரணமே இல்லாமல் பின்வாங்கிப் பின்வாங்கி, முதுகு சுவரில் முட்டிய பிறகுதான் விழித்துக்கொள்பவர்கள் உண்டு.

பேட்

வீட்டு வரவேற்பறையின் பாணி. 1982இல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவத் திசைப் பட்டன்தான் இதன் மூலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் அலை வீசியபோது, 1993இல் சேகா ஆறு பட்டன் பேட் ஒன்றைக் கொண்டுவந்தது. பேட்காரர் மேடை ஏற முடியாது என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. 2014 ஈவோ போட்டியில் பிரான்சின் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேட்டோடு வந்து அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV பட்டத்தை வென்றார். பேச்சு அடங்கியது.

பேட்டில் எல்லாச் சுமையும் கட்டைவிரல் மேல் விழுகிறது. அதனால் கண்டபடி அமுக்கும் பழக்கமும் அங்கேதான் எளிதில் ஒட்டும். டெக்கன் 3 ஆடியவர்களுக்கு எடி கோர்டோவை நினைவிருக்கும். காப்போய்ரா ஆட்டக்காரனான அவனைத் தேர்ந்து உதை பட்டன்களைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், விவரம் தெரிந்தவனையும் வீழ்த்திவிடலாம். நண்பர்களுக்குள் அது வேடிக்கை. அடுத்த படிக்கு ஏறும்போது அந்தக் கட்டைவிரல்தான் தடையாக நிற்கும்.

லீவர் இல்லாப் பெட்டி

ஹிட்பாக்ஸ் பெயரால் பரவலாக அறியப்பட்ட இந்தப் பெட்டியில் திசையும் பட்டன்தான். இடக்கையின் மூன்று விரல்களில் இடம், கீழ், வலம். தாவ மட்டும் கட்டைவிரல். லீவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பயணிக்கும் நேரம் இங்கே மிச்சம். கீபோர்டில் ஆடிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே இராது.

இந்தப் பாணி போட்டி விதிச் சிக்கலையும் கொண்டுவந்தது. லீவரில் இடமும் வலமும் ஒருசேரத் தள்ள முடியாது, பட்டனில் முடியும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் பாத்திரமான கைல், பின்னே சக்தி சேர்த்து முன்னே சோனிக் பூம் என்னும் எறியடியை விடுபவன். கடைசியாக அமுக்கிய திசையே செல்லும் என்று பெட்டியை அமைத்துவிட்டால், ‘பின்’னை விடாமலே ‘முன்’னைத் தட்டிப் பூம் விட்டு, அடுத்த கணமே மறுபடி தடுப்புக்கு வந்துவிடலாம். 2023 கேப்காம் புரோ டூர் போட்டித் தொடரின் விதிகள் இதற்கு அணை போட்டன. இடமும் வலமும் சேர்ந்தாலும் சரி, மேலும் கீழும் சேர்ந்தாலும் சரி, ஒன்று மற்றொன்றை வெல்லக் கூடாது. இங்குள்ள கோளாறு வேகத்தால் வருவது. விரல் சுலபமாக ஓடுவதால் ஒன்று போதுமான இடத்தில் மூன்று அமுக்குவார்கள்.

அதே 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, ‘மாடர்ன்’ என்ற முறையில் சிறப்பு அடிகளை ஒரே பட்டனில் தந்தது. விலையாக அந்த அடியின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உருட்டத் தெரியாதவரும் இப்போது நேரடியாகச் சிந்தனைப் போட்டிக்குள் வரலாம். அங்கே வந்த பிறகு பழக்கத்தின் குறைதான் வெளியே தெரியும், கையின் குறை அல்ல.

தரம் எதில் இருக்கிறது

இத்தனை பாணிகளுக்கும் பொதுவான தர அளவு ஒன்று உண்டு: ஒவ்வொரு அமுக்கலுக்கும் காரணம் இருக்கிறதா? 2004 ஈவோவின் தோற்றோர் பிரிவு இறுதியாட்டத்தை இன்றும் எல்லோரும் காட்டுவது இதற்காகத்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் III தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமெஹராவின் கென்னுக்கு உயிர்க்கோடு கடுகளவே மிச்சம். சிறப்பு அடியைத் தடுத்தாலே அந்தச் சேதத்தில் போய்விடும். ஜஸ்டின் வாங்கின் சுன்-லி பதினைந்து உதைகள் கொண்ட சூப்பரை விடுகிறாள். அடி வரும்போது பின்னே இழுப்பது எல்லோர் கைக்கும் ஊறிய பழக்கம். டைகோ ஒவ்வோர் உதைக்கும் லீவரை முன்னே தட்டிப் பதினைந்தையும் ‘பேரி’ செய்தார், அதாவது சேதமின்றித் தட்டிவிட்டார். கடைசி உதையை ஆகாயத்தில் வாங்கி, இறங்கித் திருப்பியடித்து அந்தச் சுற்றை முடித்தார். அந்தப் போட்டியின் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஊறிய பழக்கத்தை உயிர் போகும் கணத்திலும் அடக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இந்த மரபில் இல்லை.

ஜப்பானிய ஆர்கேடில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு இன்னொரு 100 யென் போட வேண்டும். வென்றவர் உட்கார்ந்தே இருப்பார். ஆக, கெட்ட பழக்கத்துக்குக் கையோடு அபராதம். இன்று வீட்டில் தோற்றவுடன் ‘ரீமேட்ச்’ இலவசம். அதே தவறை ஒரே இரவில் எத்தனை முறையும் செய்யலாம், செலவில்லை. இன்றைய ஆட்டக்காரரின் கை கெடுவதற்குக் கன்ட்ரோலரைவிட இதுவே பெரிய காரணம்.

பழக்கத்தை மாற்றும் வழி

எல்லாப் பாணியிலும் காணும் கெட்ட பழக்கங்கள் மூன்று. விழுந்து எழும்போதே ஷோர்யுக்கன் விடுவது முதலாவது. எதிராளி தடுத்துவிட்டால் பாதிச் சுற்று அங்கேயே போகும். என்ன செய்வதென்று தெரியாதபோது தாவுவது அடுத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் ஒரு தாவல் ஏறக்குறைய முக்கால் நொடி. அதற்குள் காற்றில் தடுக்க வழியில்லை. மூன்றாவது, அடி பட்டதா தடுக்கப்பட்டதா என்று பாராமல் அடுத்ததை அமுக்குவது.

‘இனிச் செய்யமாட்டேன்’ என்ற தீர்மானம் முதல் சுற்றோடு போய்விடும். கைக்கு மாற்று வேலை கொடுக்க வேண்டும். எழும்போது கீழ்ப்பின் பிடித்துத் தடுப்பு மட்டும் என்று வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் ஆடலாம், தோற்றாலும் பரவாயில்லை. ஒரு வேளைக்கு ஒரு பழக்கம்தான். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் மூன்றும் நழுவும். பயிற்சி அறையில் பொம்மைக்கு இரண்டு செய்கைகளைப் பதிவு செய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வரவிட்டால் ‘பார்த்து அமுக்குவது’ பழகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் ஃப்ரேம் மீட்டர், நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவில் யாருடைய முறை என்பதை வண்ணத்தில் காட்டிவிடும். டெக்கன் 8இல் பழைய ஆட்டப் பதிவின் நடுவிலேயே புகுந்து அந்தக் கட்டத்தை மீண்டும் ஆடிப் பார்க்கலாம்.

எதைத் தேர்வது

கையில் இருப்பதில் தொடங்குவதே சரி. கட்டைவிரல் வலித்தால் பேட்டை விடலாம். மணிக்கட்டு வலித்தால் ஸ்டிக்கை விட்டு லீவர் இல்லாப் பெட்டிக்குப் போகலாம். அடுத்த அறையில் குழந்தை தூங்கினால் ஸ்டிக்கின் ‘சடக் சடக்’ சத்தமும் கணக்கில் வரும். போட்டிக்குப் போவதாக இருந்தால் அந்தப் போட்டியின் விதியைப் படித்துவிட்டு வாங்குவது பணத்துக்கு நல்லது. கருவி மாறும்போது வேகம் குறையும், கை யோசித்து அமுக்கும். பழைய பழக்கம் ஒன்றைக் களைய அது நல்ல வாய்ப்பு. வேகம் திரும்பியதும் பழக்கமும் திரும்பப் பார்க்கும், கவனம் தேவை.

வாங்குமுன் ஒரு சோதனை. தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போட்டு, அடி வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, எதை அமுக்கினோம், ஏன் என்று எழுதிப் பாருங்கள். ‘ஏன்’ என்ற கட்டம் காலியாக இருக்கும் இடங்களெல்லாம் பயிற்சி அறைக்குப் போக வேண்டியவை. காரணம் தெளிவாக இருந்து, நினைத்த அசைவு மட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வராமல் போயிருந்தால், புதுக் கன்ட்ரோலருக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம்.