சொற்புதிரை ரசிக்கும் விதம்

மொழியறிவைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் ஒருவர் அகராதியைக் கையில் எடுத்து அகரத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினால், சில நாட்களுக்குள் உற்சாகம் குன்றி அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவது இயல்பு. அதே மனிதரிடம், நாலு பேர் கூடியிருக்கும் மாலைப் பொழுதில், ‘மூன்றெழுத்துச் சொல்; முதலெழுத்து போனால் மண்ணில் விழும், நடுவெழுத்து போனால் பாட்டி வாயில் இருக்கும், அது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். இராச் சாப்பாட்டையும் மறந்து யோசனையில் ஆழ்ந்துவிடுவார். விடை ‘கவிதை’ என்று தெரிந்ததும் அவர் முகத்தில் தோன்றும் ஆனந்தத்துக்குக் காரணம் விடை கிடைத்தது மாத்திரம் அன்று. அத்தனை நாள் புழங்கிய ஒரு சொல்லுக்குள் விதையும் கதையும் இருந்ததைத் தாம் கவனியாமல் இருந்தோமே என்ற வியப்பும் அதில் கலந்திருக்கிறது. அந்த வியப்பை அனுபவிக்கக் கற்றுக்கொள்வதுதான் சொற்புதிரை ரசிப்பது.

தொல்காப்பியர் பிசி என்று பெயரிட்டுச் சொல்லும் விடுகதை வேறு, சொற்புதிர் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். விடுகதை ஒரு பொருளை மற்றொன்றின் தோற்றத்தில் மறைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உலக அனுபவம் வேண்டும். சொற்புதிரோ எழுத்துக்குள் எழுத்தை மறைக்கிறது. அதற்கு மொழியின் பரிச்சயமே திறவுகோல். இந்த இரண்டாவது வகையை நம் முன்னோர் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் மிறைக்கவி என்ற பெயரில் பல வகைகள் கூறப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எழுத்துக்களைக் குறைத்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம். கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். தலையைக் குறிக்கும் ‘கம்’ என்ற சிறு சொல், முன்னால் ஓரெழுத்து சேர்ந்து மலையைக் குறிக்கும் ‘நகம்’ ஆகி, மற்றோரெழுத்து சேர்ந்து பொன்னைக் குறிக்கும் ‘கனகம்’ ஆகி, இன்னுமோரெழுத்தால் செந்தாமரையைக் குறிக்கும் ‘கோகனகம்’ ஆகிவிடுவதைப் பார்க்கும்போது, மொட்டு அவிழ்வதைக் கண்ணெதிரே காண்பது போன்ற இன்பம் உண்டாகிறது.

மிறைக்கவிகளை வெறும் வார்த்தை ஜாலம் என்று தள்ளும் விமரிசகர்கள் உண்டு. உணர்ச்சி ததும்பும் காவியத்தோடு அவற்றை ஒப்பிட்டால் அவர்கள் அபிப்பிராயம் நியாயமே. ஆனால் மாணாக்கனின் சொல்வளத்தைப் பெருக்கும் விளையாட்டாக அவற்றைக் கொள்வோமானால், அவற்றுக்கு ஈடான கருவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திரிபாகி என்ற வகையைப் பாருங்கள். மூன்றெழுத்தும் சேர்ந்தால் ஒரு பொருள், முதலும் ஈறும் சேர்ந்தால் ஒரு பொருள், இடையும் கடையும் சேர்ந்தால் ஒரு பொருள் என்பது அதன் விதி. ‘காமாரி’ என்பது அதற்குப் பழைய உதாரணம். மூன்றும் சேர்ந்து, காமனுக்குப் பகைவனாகிய சிவபெருமான். முதலும் ஈறும் சேர்ந்து, கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய காரி. இடையும் கடையும் சேர்ந்து, உலகைக் காக்கும் மாரி. புராணமும் சரித்திரமும் இயற்கையும் மூன்றே எழுத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நாம் தொடக்கத்தில் கண்ட ‘கவிதை’யும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் விரும்புவது வினாவுத்தரம். அதில் பல வினாக்கள் தனித்தனியே எழுப்பப்படுகின்றன. அவற்றின் விடைகளை வரிசையாகச் சேர்த்தால் கடைசி வினாவுக்குரிய விடை உருவாகிறது. இலக்குமியின் பெயர் என்ன? திரு. போகிறவனை அனுப்பும்போது என்ன சொல்வோம்? ஏகு. சரம் என்பதன் வேறு பெயர்? அம்பு. அழகுக்கு ஒரு சொல்? அம். சிவபெருமான் உவந்து உறையும் தலம் எது? நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில் எதிரே வந்து நிற்கிறது! இங்கே அவசரப்படாமல் சற்று நிதானித்து, அச்சொற்கள் எப்படிச் சேர்ந்தன என்று கவனிக்க வேண்டும். ‘திரு’வின் ஈற்று உகரம் முற்றியலுகரம் ஆதலால் கெடாமல் நின்று, வகர உடம்படுமெய்யைப் பெறுகிறது, ‘ஏகு’, ‘அம்பு’ என்பவற்றின் ஈற்று உகரங்களோ குற்றியலுகரங்கள் ஆதலால் வருமொழி உயிருக்கு இடம்விட்டு மறைகின்றன. வகுப்பறையில் கொட்டாவி வரவழைக்கும் புணர்ச்சி விதிகள் இந்த ஒரு புதிரில் உயிர்பெற்று நடமாடுகின்றன.

புதிரைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதி ரஸம் போய்விடும். வாய்விட்டுச் சொல்லி, விரல்விட்டு எழுத்தெண்ணுங்கள். தமிழில் உயிர்மெய் ஓரெழுத்து, புள்ளியிட்ட மெய்யும் ஓரெழுத்து என்பதால், செவியும் விரலும் சேர்ந்து வேலை செய்யும்போது சொல்லின் அமைப்பு தெளிவாகப் புலப்படும். விடை உடனே தோன்றாவிட்டால் பிறரிடம் கேட்டுவிடாதீர்கள். தேடுகிற நேரத்தில் மனத்தில் வந்து வந்து போகும் தவறான சொற்கள் வீண்போவதில்லை; மறந்து கிடந்த சொற்கள் பல அப்படித்தான் மேலே வருகின்றன.

விடை கிடைத்த பிறகும் அங்கிருந்து புறப்பட்டுவிடக் கூடாது என்பது என் முக்கியமான யோசனை. ‘கவிதை’யின் கடைசி எழுத்தை நீக்கினால் ‘கவி’. அது கவிஞனையும் பாட்டையும் குறிப்பதோடு குரங்கையும் குறிக்கும் என்று அகராதி காட்டும். சுக்கிரீவன் குலத்தைச் சொல்லும்போது கம்பர் அச்சொல்லை ஆள்வதை அப்புறம் படிக்கையில், பழகிய முகத்தைக் கண்ட மகிழ்ச்சி ஏற்படும். இந்தத் தேடலுக்கு நிகண்டுகள் நல்ல துணை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருச் செய்த காலம் ஒன்று இருந்தது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி உடையது. புதிர் கட்டுகிறவர்களுக்கு அதன் தொடையகராதி பொக்கிஷம்.

குழந்தைகளோடு விளையாடுவதற்கு மாத்திரைச் சுருக்கம் உகந்தது. நெடிலைக் குறிலாக்கினால் மாலை மலையாகிறது, ஏரி எரியாகிறது, பாடம் படமாகிறது, காலம் கலமாகிறது. கலம் என்றால் பாத்திரம் என்று ஒரு குழந்தையும், கப்பல் என்று ஒரு குழந்தையும் சொல்ல, அந்தக் காலத்தில் 12 மரக்கால் கொண்ட நெல்லளவும் கலந்தான் என்று தாத்தா சொன்னால், அன்றைய பாடம் பூரணமாகிவிடும்.

நல்ல புதிருக்கு ஓர் இலக்கணம் உண்டு. குறிப்பு சூசகமாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. அகராதியின் மூலையில் கிடக்கும் ஒரு சொல்லைக் கொண்டுவந்து மிரட்டுவது புதிர் ஆகாது. தெரிந்த சொல்லில் தெரியாத பக்கத்தைக் காட்டுவதே உயர்ந்த வகை. அத்தகைய புதிர் ஒன்றை வாசகர்களிடம் விட்டுச் செல்கிறேன். மூன்றெழுத்தும் சேர்ந்தால் கலைமகளின் பெயர், எட்டயபுரத்துச் சுப்பிரமணியனுக்குப் பட்டமாக வாய்த்த பெயர். முதலும் ஈறும் சேர்ந்தால் ஒன்றைச் சமமாகப் பிரித்த பங்கு. இடையும் கடையும் சேர்ந்தால் மன்மதனின் மனைவி. முழுச்சொல் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மற்ற இரண்டையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தபின், இதேபோல ஒன்றை நீங்களே கட்டி, இன்று இரவு வீட்டிலுள்ள குழந்தையிடம் கேளுங்கள்.