தலைவரைத் தாண்டி ஒரு முறைப்பாடு

பன்வில போன்ற இடங்களில் சமூகப் பொலிஸ் குழுக்கள் செய்யும் வேலையைக் குறைத்துப் பேச முடியாது. நக்கிள்ஸ் மலைச் சரிவில், மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களில், லயங்கள் எட்ட எட்டச் சிதறிக் கிடக்கின்றன. இரவில் சண்டை மூண்டால் 119க்குச் சொல்லிவிட்டு ஜீப் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த ஓடைக்கரையில் கசிப்புக் காய்ச்சுகிறார்கள், எந்த வீட்டில் அடிதடி முற்றுகிறது என்பதெல்லாம் பொலிஸாருக்கு முன்பே ஊர்க்காரருக்குத் தெரியும். அந்த அறிவைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் திரட்டிப் பொலிஸ் நிலையத்தோடு இணைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஊரை அறிந்தவர்களே பெரும்பாலும் ஊரைக் கட்டி ஆள்பவர்களாகவும் இருக்கிறார்கள். இந்த முறையின் பலமும் பழுதும் அங்கேதான் பிறக்கின்றன.

இத்தகைய குழுக்களில் தோட்டத் தலைவரும் கடை முதலாளியும் கோயில் சபைக்காரரும் இடம்பிடிப்பது எளிது; கொழுந்து பறிக்கும் பெண் இடம்பெறுவது அரிது. அவள் கணவனிடம் அடிபட்டால், அவனோடு ஒரே சங்கத்தில் இருக்கும் தலைவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. ‘பேசித் தீர்ப்போம்’ என்ற பதில் வருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வழிவிட்டிருப்பது அவள் காதுக்கே எட்டுவதில்லை. மீறிப் பொலிஸுக்குப் போனாலும் மொழி குறுக்கே நிற்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இருந்தும் மலையகப் பொலிஸ் நிலையங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. அவள் தனக்குப் புரியாத தாளில் கையொப்பம் வைக்கிறாள். மொழிபெயர்க்கக் குழு உறுப்பினர் ஒருவரே அமர்ந்தால், குடும்பத்தை நன்கறிந்த ஆண் முன்னால் எதை அவளால் சொல்ல முடியும்?

வெளியுலக அனுபவமும் இதையே காட்டுகிறது. சிக்காகோவில் 1993இல் தொடங்கிய அயல்பகுதிப் பொலிஸ் திட்டத்தை நீண்டகாலம் ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளுக்கே அதன் பயன் குறைவாகப் போய்ச் சேர்ந்தது என்று கண்டார். அதே ஆண்டு தமிழ்நாட்டின் இராமநாதபுரத்தில் பொலிஸுக்குத் துணைநிற்கும் தொண்டர் அமைப்பான ‘பிரண்ட்ஸ் ஆப் பொலிஸ்’ தொடங்கியது. அம்மாநிலத்தின் சாத்தான்குளத்தில் பொலிஸ் காவலில் நேர்ந்த மரணங்களில் அதன் தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்ததால், 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. பொலிஸுக்கு நெருக்கமானவர் என்பதே ஓர் அதிகாரமாகிவிடும் ஆபத்தை அது உணர்த்துகிறது.

பெரியவர்களை ஒதுக்கிவிட்டால் சின்னச் சச்சரவுக்கெல்லாம் வழக்காடி ஏழைகள் நொந்துபோவார்கள் என்று சிலர் சொல்வர். அந்தக் கவலை நியாயமானது. வேலித் தகராறுக்கும் கைமாற்றுக் கடனுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரியவர்கள் வழிகாட்டட்டும். அடிபட்டவளின் முறைப்பாட்டைச் சமரசப் பொருளாக்கும் உரிமை மட்டும் எந்தக் குழுவுக்கும் கிடையாது. தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் ஒருவர், அறிவித்த நாளில் லயத்துக்கே வந்து, குழுவினர் இல்லாத இடத்தில் தமிழிலேயே வாக்குமூலம் எழுதி, பிரதியையும் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை, ஒரு பிரிவில் முறைப்பாடுகள் குறைந்திருப்பதை மட்டும் வைத்து அங்கே குழுவால் அமைதி வந்துவிட்டது என்று நான் ஏற்கமாட்டேன்.