பாரும் பந்தியும்

தூத்துக்குடிக் கடலடியில் முத்துச்சிப்பி பிடித்துக் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதைக் கூறுவதற்கு முன்னால் பாரைச் சோதிப்பார்கள். குளியாட்கள் மூழ்கி அள்ளி வந்ததைக் கொட்டி எண்ணுவார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, வயசு வேண்டும். நாலைந்து வயசுச் சிப்பியில்தான் முத்து முற்றும். அதற்கு மேல் விட்டுவைத்தால் தானாகச் செத்துப்போகும். இன்றைய குஞ்சில் எத்தனை நாலாம் வருஷம் வரை தங்கும்? மக்கள்தொகைக் கணக்கு படிக்க உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கேள்விதான். மனிதரைச் சிப்பியோடு சேர்க்கலாமா என்று கோபிக்க வேண்டாம். இந்தக் கணக்கை 1945-ல் ஓர் அணியாக மடித்துக் கொடுத்த லெஸ்லி, எலியை வைத்துத்தான் விளக்கினார்.

வித்தை எளிது. ஊரை ஐந்தைந்து வயசாகப் பந்தி பிரித்து உட்கார வைக்க வேண்டும். 20–24 பந்தியில் 1000 பேர் என்று வையுங்கள். ஆயுள் அட்டவணையைப் பார்த்தால், ஐந்து வருஷம் கழித்து அதில் 990 பேர் எழுந்து அடுத்த பந்திக்குப் போவார்கள் என்று தெரியும். எல்லாரும் ஒரு பந்தி நகர்ந்ததும் முதல் பந்தி காலியாகும். 15–49 வயசுப் பெண்கள் பெறும் பிள்ளைகள் அங்கே வந்து உட்காரும். இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, தலைமுறைக்குத் தலைமுறை ஈடுகட்டத் தேவையானது 2.1. அப்படியும் ஜனத்தொகை உடனே இறங்கிவிடாது. தாயாகப் போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்களே!

ஒற்றை எண்ணை நம்பாத பழக்கமும் இதில்தான் வரும். 2011-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் 17,50,176 பேர். ஆயிரம் ஆணுக்கு 1,023 பெண். மாநிலத்துக்கு அது 996. ஏன் இந்த வித்தியாசம்? பந்திகளை ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கமாக அடுக்கிய வயதுக் கூம்பை விரித்துப் பார்க்க வேண்டும். 20-க்கும் 40-க்கும் நடுவில் ஆண் பக்கம் குழி விழுந்திருந்தால் பிழைக்கப் போனவர்களின் கதை. 60-க்கு மேல் பெண் பக்கம் நீண்டிருந்தால் விதவைகளின் கதை.

கூம்பில் முள்ளும் துருத்தும். 40, 45, 50 வயசுக்காரர்கள் குவிந்திருப்பார்கள். 41, 49 வயசுக்காரர்களைத் தேட வேண்டும். கணக்கெடுக்க வந்தவர் எங்கள் தெரு ஆச்சியிடம் வயசு கேட்டார். “அறுவது இருக்கும்லா.” “தனுஷ்கோடி புயல் ஞாபகம் இருக்கா ஆச்சி?” “இருக்காதா பின்னே? மூத்தவன் இடுப்புல இருந்தான்.” 1964-ல் இருபதுக்குக் குறையாது என்று வைத்தாலும் 2011-ல் 67. ஒரு கைக்குழந்தையை வைத்து ஏழு வருஷத்தை மீட்டுவிட்டார் மனிதர். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

பிறப்பும் இறப்பும் ஓரளவு சொன்னபடி கேட்கும். இடப்பெயர்ச்சி கேட்காது. அதே 1964-ல், புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட கையெழுத்தில் 5,25,000 இந்திய வம்சாவளியினர் இலங்கையிலிருந்து இந்தியா வரவேண்டும் என்று முடிவானது. எந்த ஆயுள் அட்டவணையில் இதைப் பார்த்திருக்க முடியும்? அதனால்தான் கைதேர்ந்தவர்கள் இடப்பெயர்ச்சிப் பத்தியை மட்டும் பென்சிலில் எழுதுவார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

சிப்பியும் குஞ்சாக நீரோட்டத்தில் சில வாரம் மிதந்த பிறகுதான் பாறையைப் பிடிக்கும். எந்தப் பாறையை என்பது அதற்கே தெரியாது. தூத்துக்குடிப் பாரில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல்.