யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். டெக்ஸ் வில்லர் கட்சி ஒன்று, லக்கி லூக், சிக்பில் என்று கார்ட்டூன் கட்சி ஒன்று. முதல் கட்சிக்குக் கூட்டம் அதிகம். அவர்கள் தீர்ப்பு ரொம்பச் சுருக்கம்: “சிரிப்புக் கதையெல்லாம் சின்னப்பசங்க சமாச்சாரம். நாம வளந்தாச்சு.” மற்றவர்கள் பதிலுக்கு, “சிரிக்கிறதுக்கு வயசு எதுக்குய்யா, மனசு லேசாகுதுல்ல” என்பார்கள். இரண்டு அபிப்பிராயமும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. சிரிப்புக்கு அரசியல் கிடையாது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள்.

இந்தச் சண்டைக்குத் தாய்வீடு சிவகாசி. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் இங்கிருந்துதான் கிளம்பின. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடிக்கிற ஊர், பெல்ஜியத்துக் கௌபாயைத் தமிழ் பேச வைத்தது. டால்டன் சகோதரர்கள் வாயில் வருவது புத்தகத் தமிழும் இல்லை, நம்ம தெருப் பேச்சு. அதை வாசகர்கள் கொண்டாடியதில் தப்பே கிடையாது. ஆனால் மொழிபெயர்ப்பு நன்றாயிருக்கிறது, தாள் நன்றாயிருக்கிறது, கலர் தூக்கலாக இருக்கிறது என்பதற்கு மேல் அபிப்பிராயங்கள் நகர்வதில்லையே, ஏன்?

லக்கி லூக்கை 1946-ல் உருவாக்கியவர் மோரிஸ். 1955 தொடங்கி 1977-ல் சாகும்வரை கதை எழுதியவர் கோசினி. இவர்கள் கதையில் சாராயக் கடையையே கோர்ட்டாக்கி உட்கார்ந்திருக்கிறார் ராய் பீன் என்ற நீதிபதி. நிஜத்தில் வாழ்ந்த மனுஷர். ஊரில் எவனாவது செத்தால் அளவெடுக்க டேப்போடு காத்திருக்கிறார் வெட்டியான். ஜெயில் காவலர்களைவிடக் காவல் நாய்க்கு மூளை கம்மி. சட்டம், சொத்து, ஒழுங்கு என்று விறைப்பாக நிற்கிற எல்லாமும் இங்கே பல்லிளிக்கின்றன. இது சின்னப்பசங்க சமாச்சாரமா? அதிகாரத்தைக் கீழேயிருந்து பார்க்கிற சிரிப்பு இது. தோட்டாவால் நியாயம் வழங்கும் நாயகனை ‘வளர்ந்தவர்களின் வாசிப்பு’ என்றும், நீதிபதியைக் கோமாளியாக்குவதைக் ‘குழந்தைத்தனம்’ என்றும் பிரிக்கிற புத்தியைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அதே பிரதிக்குள் எதிர்த்திசையில் ஓடும் சிரிப்பும் உண்டு. செவ்விந்தியர் என்றால் இறகும் கோடரியும் கொச்சைப் பேச்சும். சீனாக்காரர் என்றால் சலவைக் கடை. மண்ணைப் பறிகொடுத்தவர்களையும் துணி வெளுத்தவர்களையும் கேலிப்பொருளாக்குவது மேலேயிருந்து கீழே பார்க்கிற சிரிப்பு. இரண்டையும் ஒரே ‘ஜாலி’க் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். 2020-ல் ஜூல் எழுதி அஷ்டே வரைந்த ஆல்பத்தில் லக்கி லூக்குக்கு ஒரு பருத்தித் தோட்டம் சொத்தாக வந்து சேருகிறது. அதில் உழைக்கிற கறுப்பின மக்களும், பாஸ் ரீவ்ஸ் என்ற கறுப்பின மார்ஷலும் கதையின் நடுவுக்கு வருகிறார்கள். இந்த இடத்துக்கு வர அந்தத் தொடருக்கே எழுபத்துச் சொச்சம் வருஷம் ஆகியிருக்கிறது.

“நாம வளந்தாச்சு” என்பதையும் லேசாக விட்டுவிட முடியாது. வளர்வதற்கு முதலில் பால்யம் என்று ஒன்று வேணும். சலம் பென்னூர்க்கர் 1990-ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம், இதே வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியது. 1996-ல் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. லயன் காமிக்ஸுக்காகச் சிறுவர்கள் காத்துக்கிடந்த அதே வருஷங்கள்தான் இவை. பதிப்பகத்தின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. வாசகன் என்கிற தகுதியே எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்த ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இளவட்டங்கள் ஆனார்கள். அவர்களுக்குச் சிரிப்பு இல்லாமலா போச்சு? இதே மாவட்டத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமாவின் ‘கிசும்புக்காரன்’ 1996-ல் வந்தது. அதில் ‘அண்ணாச்சி’ கதையின் அம்மாசி, மேல்சாதி ஆளை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுவிடுகிறான். ஒரு முறைச்சொல், அவ்வளவுதான். ஊரே கொதிக்கிறது. கட்டம் கட்டமாக வரைவதற்கென்றே எழுதியதுபோல இருக்கிற கதை: முறுக்கிய மீசை, அப்பாவி முகம், வாய்க்குமிழியில் ஒரே வார்த்தை.

படக்கதை அச்சடிக்க மெஷின் இங்கே இருக்கிறது. பேச்சுத்தமிழில் நகைச்சுவையை ஓடவிடுகிற அய்ம்பது வருஷக் கைப்பழக்கமும் இருக்கிறது. டெக்சாஸ் புழுதியைத் தெரிந்த அளவுக்கு வெம்பக்கோட்டைப் புழுதியைப் படத்தில் பார்த்ததில்லை நாம். மருந்து செலுத்துகிற ஷெட்டில் போர்மேனை நையாண்டி பண்ணுகிற பெண்களும், லோடுமேன் பையன்களும், பாலிடெக்னிக் முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் கட்டத்துக்குள் வரட்டும். வாசகர்கள் அபிப்பிராயம் எழுதும்போது அடுத்த மறுபதிப்பைக் கேட்கிறதோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டால் இன்னும் நல்லது.