எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாத வெற்றி: யூரோவிஷன் 2016

2016 மே 14 அன்று ஸ்டாக்ஹோமின் குளோப் அரங்கில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில் உக்ரைனின் ஜமாலா 534 புள்ளிகளுடன் வென்றார். ஆஸ்திரேலியாவின் டாமி இம்முக்கு 511 புள்ளிகள், ரஷ்யாவின் செர்கேய் லாசரெவுக்கு 491. நடுவர் குழுக்கள் முதலிடத்தில் வைத்தது ஆஸ்திரேலியாவை. தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் மக்கள் அளித்த வாக்கில் முந்தியது ரஷ்யா. இரண்டிலும் இரண்டாவதாக வந்தவர் வெற்றிக்கோப்பையான கண்ணாடி மைக்கைக் கையில் வாங்கினார்.

இதற்கு வழிவிட்டது அந்த ஆண்டு புகுத்தப்பட்ட புதிய புள்ளி முறை. அதுவரை ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் வரிசையையும் மக்கள் வரிசையையும் ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையில் முதல் 10 இடத்துக்குள் வந்த பாடல்களுக்கு மட்டும் புள்ளி தருவார்கள். ஒரு தரப்பு தூக்கி வைத்த பாடலை மறு தரப்பு அடியோடு அமுக்கிவிட முடியும். 2014இல் பிரிட்டன் மக்கள் போலந்துப் பாடலுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பிரிட்டன் நடுவர்கள் அதைக் கடைசியில் தள்ளினார்கள். முடிவில் பிரிட்டனிடமிருந்து போலந்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 2016இல் இரண்டு கணக்கும் பிரிக்கப்பட்டன. இசைத் துறையினர் 5 பேர் கொண்ட நடுவர் குழு ஒரு தொகுதி, மக்கள் ஒரு தொகுதி என ஒவ்வொரு நாடும் 1 முதல் 8 வரை, பிறகு 10, 12 என்று இருமுறை புள்ளி வழங்கியது. வாக்களித்த நாடுகள் 42. தன் நாட்டுக்குத் தானே போட முடியாது என்பதால் ஒரு பாடல் ஒரு தரப்பிடமிருந்து பெறக்கூடிய உச்சம் 492.

மேடையில் இம்மூவரும் மூன்று வெவ்வேறு ஆட்டங்களை ஆடினார்கள். பந்தயக்காரர்களின் கணிப்பில் முன்னணியில் இருந்தவர் லாசரெவ். பின்திரையில் ஓடும் ஒளிப்படங்களோடு அவர் உடல் அசைவு நொடி தப்பாமல் பொருந்த வேண்டும். படங்களைப் பிடித்துச் சுவரில் ஏறுவதும் உண்டு. முந்தைய ஆண்டு ஸ்வீடனுக்கு வெற்றி தேடித்தந்த மான்ஸ் செல்மர்லோவின் ஒளிப்பட உத்தியை இது நினைவூட்டாமல் இல்லை. அந்த மான்ஸே பெட்ரா மெடேயுடன் சேர்ந்து 2016இல் தொகுப்பாளராக நின்றது தனி வேடிக்கை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு லாசரெவின் வித்தை விருந்து. பாடலை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் அது வழக்கமான வேகப்பாட்டு. நடுவர்கள் அவருக்கு 130 புள்ளிகளோடு 5ஆம் இடம் கொடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டாமி இம் இதற்கு நேர் எதிர். உயரமான பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்தபடியே பாட்டின் பெரும்பகுதியையும் பாடினார். குரலை நம்பி எடுத்த முடிவு அது. நடுவர்கள் எடைபோடுவது குரல் திறன், மேடை நிகழ்த்துதல், இசையமைப்பு, ஒட்டுமொத்த மனப்பதிவு ஆகியவற்றை. அவர்கள் மதிப்பெண் இடுவதும் நேரலையைப் பார்த்தல்ல. முந்தின இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்து. அந்தத் தராசில் டாமி இம் 320 புள்ளிகள் பெற்றார். அடுத்து வந்த ஜமாலாவைவிட 109 அதிகம்.

ஜமாலாவின் பாடலுக்குப் பெயர் ‘1944’. அந்த ஆண்டு மே மாதம் ஸ்டாலின் ஆட்சி கிரிமியத் தாத்தார் மக்களை ஏறத்தாழ 2 லட்சம் பேர் அளவில் ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. அதில் சிக்கியவர்களில் ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் ஒருவர். ஜமாலா பிறந்ததே கிர்கிஸ்தானில்தான். பாடலின் அடிகள் ஆங்கிலத்தில், பல்லவி கிரிமியத் தாத்தார் மொழியில். பேச்சோடு ஒட்டிய தாழ்ந்த குரலில் தொடங்கி, பல்லவியில் சுழித்து எழுந்து, இறுதியில் சொல்லே இல்லாத நீண்ட ஓலமாக உயர்கிறது. ஜாஸும் ஓபராவும் பயின்ற குரல் என்பதால் அந்த ஓலம் கட்டுக்குள் நின்றது. கட்டுக்குள் நின்றதால்தான் நெஞ்சைத் தொட்டது. மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய போட்டியில் இப்படி மெல்லத் தொடங்குவது துணிச்சல். பளபளப்பான பாடல்களுக்கு நடுவே இதுதான் தனித்துத் தெரிந்தது.

போட்டி விதிகள் அரசியல் வரிகளை அனுமதிப்பதில்லை. 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட பின்னணியில் ‘1944’க்கு ரஷ்யத் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. தலைப்பிலும் வரிகளிலும் அரசியல் பேச்சு இல்லை என்று ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தீர்ப்பளித்தது. சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு சரியே. ஆனால் அந்த ஆண்டில் அப்பாடலை வரலாற்றுப் பாடமாக மட்டும் கேட்டவர்கள் குறைவு.

முடிவு அறிவித்த விதமும் புதிது. முதலில் 42 நாடுகளின் நடுவர் புள்ளிகள். அதன்பின் எல்லா நாட்டு மக்கள் புள்ளிகளையும் கூட்டி, குறைவாகப் பெற்றவரில் தொடங்கி மேல்நோக்கி அறிவித்தார்கள். பாதியிலேயே வெற்றியாளர் தெரிந்து ரசிகர்கள் எழுந்துபோகும் பழைய குறை இதனால் நீங்கியது. நடுவர்களிடம் 41 புள்ளிகள் பெற்று, முதன்முறையாக இறுதிச்சுற்றுக்கு வந்திருந்த செக் குடியரசுக்கு மக்கள் தந்தது பூஜ்யம். ஜெர்மனி இரு தரப்பிலும் சேர்த்து 11 புள்ளிகளுடன் கடைசி. இரவின் பெரிய அதிர்ச்சி போலந்தின் மிஹால் ஷ்பாக்: நடுவர்களிடம் வெறும் 7 புள்ளிகளோடு 26 பேரில் 25ஆவதாக இருந்தவருக்கு மக்கள் 222 புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவர் 8ஆம் இடத்துக்கு ஏறினார்.

மக்கள் வாக்கில் ஆஸ்திரேலியாவுக்கு 191 என்று அறிவித்தபோது அதன் மொத்தம் 511. மீதம் இருந்தவை போலந்தும் உக்ரைனும் ரஷ்யாவும். உக்ரைனுக்கு 323 வந்ததும் ஜமாலா 534க்குத் தாவினார். ரஷ்யா வெல்ல 405 தேவைப்பட்டது, கிடைத்தது 361. கணக்கின் சாரம் இவ்வளவுதான்: ஆஸ்திரேலியாவிடம் நடுவர் பட்டியலில் இழந்த 109ஐ ஜமாலா மக்களிடம் 132ஆக மீட்டார்; ரஷ்யாவிடம் மக்கள் வாக்கில் இழந்த 38க்கு ஈடாக நடுவர்களிடம் 81 முன்னிலை வைத்திருந்தார். டெகத்லானில் ஒரு பந்தயத்திலும் முதலாவதாக வராமல் மொத்தப் புள்ளியில் பதக்கம் வெல்வது போன்ற வெற்றி இது. இரண்டு நாள் முன்பு நடந்த அரையிறுதியிலும் மொத்தக் கணக்கில் ஆஸ்திரேலியா முதலாவது, உக்ரைன் இரண்டாவது.

நாடுவாரிப் பட்டியல் வெளிவந்தபோது அரசியல் விளக்கம் தந்தவர்களுக்குச் சங்கடம். உக்ரைன் மக்கள் தங்கள் 12 புள்ளிகளையும் ரஷ்யாவுக்குப் போட்டிருந்தார்கள். ரஷ்ய மக்கள் உக்ரைனுக்கு 10 கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒரு புள்ளியும் தராதவை இரு நாட்டு நடுவர் குழுக்கள்தான். வீட்டில் இருந்தவர்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். நிபுணர்கள் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்கள் போலும். டென்மார்க் நடுவர் ஒருவர் தம் வரிசையைத் தலைகீழாக நிரப்பியதும் தெரியவந்தது. அந்தத் தவறால் டென்மார்க் நடுவர்களின் 12 புள்ளிகள் உக்ரைனுக்குப் போயின. அது நேராகியிருந்தால் வித்தியாசம் சுருங்கியிருக்கும். வெற்றியாளர் மாறியிருக்க மாட்டார்.

புதிய முறை தற்செயலாக ஒருமுறை இப்படி விளையாடியது என்றும் சொல்வதற்கில்லை. 2017இல் போர்ச்சுகலின் சல்வடோர் சோப்ரால் இரு பட்டியலிலும் முதலிடம் பெற்று 758 புள்ளிகளோடு வென்றார். ஆனால் 2019இல் நெதர்லாந்தின் டங்கன் லாரன்ஸ் நடுவர்களிடம் மூன்றாவது, மக்களிடம் இரண்டாவது, ஆனாலும் வென்றார். ஒரு தரப்பின் ஆரவாரத்தைவிட இரு தரப்பின் சம்மதத்துக்கு அதிக விலை தரும் முறை இது. அந்த அளவுகோலில் ஜமாலாவின் வெற்றியில் குறை காண இடமில்லை.

அடுத்த ஆண்டுப் போட்டி கீவ் நகரில் நடந்தது. ரஷ்யா தேர்ந்தெடுத்த பாடகி கிரிமியாவில் முன்பு நிகழ்ச்சி நடத்தியவர் என்று உக்ரைன் அவருக்கு நுழைவு மறுக்க, ரஷ்யா விலகிக்கொண்டது. 2015இல் அழைப்பின் பேரில் முதன்முதலாக வந்த ஆஸ்திரேலியாவோ தொடர்ந்து பங்கேற்றது. 2025 வரை டாமி இம் பெற்ற இரண்டாமிடத்தை அது தாண்டவில்லை.